கார்சன் மாளிகை: யுரேகா ஊர் மர வியாபாரி கட்டிய வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் வடக்கே ரெட்வுட் காடுகளைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் பலர், வழியில் யுரேகா என்ற சிறிய துறைமுக ஊரில் ஒரு வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கேள்விகள் முளைக்கின்றன. யார் கட்டியது, ஏன் இப்படி, உள்ளே ஏன் விடவில்லை என்று. அந்தக் கேள்விகளையும் அவற்றோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வேறு சிலவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது எந்த வீடு? எங்கே இருக்கிறது?

வீட்டின் பெயர் கார்சன் மாளிகை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 270 மைல் வந்தால் ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் யுரேகா ஊர். பழைய கடைத்தெருவான இரண்டாம் தெருவில் கிழக்கே பார்த்து நடந்தால், தெரு முடிகிற இடத்தில், எம் தெருவின் முனையில் சற்று மேடான நிலத்தில் நிற்கிறது. கட்டத் தொடங்கியது 1884. முடிந்தது 1886. மூன்று மாடி, 18 அறைகள், நடுவே ஒரு கோபுரம். முழுக்க முழுக்க மரம்.

அமெரிக்காவில் விக்டோரியா காலத்து வீடு என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதன் படம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நாட்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பழைய வீடுகளில் ஒன்று என்பார்கள்.

உள்ளே போய்ப் பார்க்கலாமா?

முடியாது. 1950-இல் கார்சன் குடும்பம் வீட்டை விற்றுவிட்டது. வாங்கியது இங்கோமார் கிளப் என்ற தனியார் சங்கம். உறுப்பினர்களும் அவர்கள் அழைத்து வரும் விருந்தினர்களும் மட்டும்தான் உள்ளே போகலாம். டிக்கெட், சுற்றுலா வழிகாட்டி எதுவும் கிடையாது. வேலிக்கு வெளியே, பொது நடைபாதையில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், படம் எடுக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

வருத்தம்தான். ஆனால் இந்த வீட்டின் விசேஷம் முக்கால்வாசி வெளியேதான் இருக்கிறது. அதனால் ரொம்ப வருத்தப்படவும் வேண்டியதில்லை.

கார்சன் யார்? பரம்பரைப் பணக்காரரா?

இல்லை. வில்லியம் கார்சன் 1825-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் பிறந்தவர். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று 1849-இல் உலகமே ஓடியதே, அந்தக் கூட்டத்தோடு வந்தவர்களில் ஒருவர். தங்கம் தேடி மலைக்குப் போனார். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. கை நிறையத் தங்கம் சேரவில்லை. ஆனால் மலைக்கும் கடலுக்கும் நடுவே நின்ற காட்டை அவர் பார்த்துவிட்டார்.

அந்தக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ ஒவ்வொரு மாதமும் வீங்கிக்கொண்டிருந்த ஊர். வீடு, கடை, கப்பல்துறை எல்லாவற்றுக்கும் பலகை வேண்டும். முதலில் பைன், ஃபர் போன்ற மரங்களைத்தான் வெட்டினார்கள். ரெட்வுட்டை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை, அதன் பருமனைக் கண்டு மலைத்ததே அதற்கு முக்கியக் காரணம். 1854-இல் கார்சன் ரெட்வுட் பலகையைக் கப்பலேற்றி சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார். அந்த மரத்தை வியாபாரப் பொருளாக்கியவர் என்ற பெயர் அவருக்கு அதனால்தான் வந்தது. 1863-இல் ஜான் டோல்பியர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 'டோல்பியர் அண்ட் கார்சன்' என்ற மரக் கம்பெனி தொடங்கினார். வீடு கட்டத் தொடங்கிய 1884 வாக்கில் கம்பெனி வருஷத்துக்கு 12 லட்சம் கன அடிக்கு மேல் பலகை அறுத்துக்கொண்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

ரெட்வுட்டில் அப்படி என்ன விசேஷம்?

முதலில் ஒன்று: ஆந்திரக் காட்டுச் செம்மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஊசியிலை மரம். கலிபோர்னியா கடற்கரையை ஒட்டி, மூடுபனி ஏறி வருகிற ஒரு குறுகிய நாடாவில்தான் இயற்கையாக வளர்கிறது. உலகத்திலேயே உயரமான மரம் இந்த இனம்தான். 2006-இல் கண்டுபிடித்து அளந்த ஒரு மரம் 115 மீட்டருக்கும் மேல்.

ஆசாரியின் கண்ணால் பார்த்தால் இதன் அருமை இன்னும் புரியும். டேனின் என்ற துவர்ப்புச் சத்து மரத்திலேயே ஊறியிருப்பதால் வயிரப் பகுதி லேசில் உளுக்காது, கரையானும் எளிதில் அண்டாது. பைன் மரத்தைப் போலப் பிசின் கிடையாது. அதனால் தீ பிடித்தால் சட்டென்று பரவாமல் மெதுவாகவே எரியும். நார் நேராக ஓடுவதால் பிளந்தாலும் இழைத்தாலும் சொன்னபடி கேட்கும். காய்ந்த பிறகு முறுக்கிக்கொள்வது குறைவு. எல்லாவற்றுக்கும் மேல், மென்மையானது. கடைசல் இயந்திரத்தில் வைத்தால் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வரும். கடலோர ஈரத்தில் நிற்கவேண்டிய, சித்திர வேலை நிறைந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் அந்தக் கரையில் வேறு இல்லை.

இவ்வளவு பெரிய மரத்தைக் காட்டிலிருந்து எப்படிக் கொண்டுவந்தார்கள்?

இங்கேதான் கூட்டாளி டோல்பியர் வருகிறார். தொடக்கத்தில் எல்லாம் மாடுகள்தான். காட்டில் குறுக்குக் கட்டைகளை வரிசையாகப் பதித்து, வழுக்குவதற்கு எண்ணெய்ப்பசை தடவி, ஜோடி ஜோடியாகப் பூட்டிய எருதுகள் அடிமரத்தை இழுத்து வரும். செங்குத்தான சரிவுகளில் மாடு இறங்காது. இறங்கினாலும் ஏறாது.

டோல்பியர் 1881-இல் ஒரு நீராவி இயந்திரத்தை உருவாக்கினார். அடுத்த வருஷம் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. நிமிர்ந்து நிற்கிற கொதிகலன், ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பக்கத்தில் சுழலும் ஒரு கயிற்று உருளை, அவ்வளவுதான். கப்பலில் நங்கூரம் தூக்கும் உருளையின் அதே தத்துவம். கயிற்றைக் கொண்டுபோய் வெட்டிய மரத்தில் கட்டுவார்கள். காட்டுக்குள்ளிருந்து சைகை வந்ததும் எஞ்சின்காரர் நீராவியைத் திறப்பார். மரம் அசைந்து, உருண்டு, தன்னால் வந்து சேரும். பிறகு கயிற்றின் முனையை மறுபடி காட்டுக்குள் இழுத்துப் போக ஒரு குதிரை. மாட்டுக்காரர்கள் கேலியாக அதை 'டாங்கி', அதாவது கழுதை, என்று கூப்பிட்டார்கள். குதிரைச் சக்தி என்று சொல்லும் அளவுக்கு அதற்குத் தகுதியில்லையாம். சில வருஷங்களில் மாடுகள் காட்டை விட்டுப் போய்விட்டன. கழுதை அமெரிக்க மேற்குக் கரை முழுக்கப் பரவிவிட்டது.

யுரேகாவில் ஃபோர்ட் ஹம்போல்ட் என்ற அரசுப் பூங்காவில் இந்த இயந்திரங்கள் சிலவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மாளிகைக்குப் போவதற்கு முன் அங்கே போய் ஒன்றையாவது பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் அந்தக் கரிய இரும்புதான் கோபுரத்துக்குப் பணம் கொடுத்தது.

ஒரு குடும்பத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு?

கார்சனைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. "சின்னதாகக் கட்டினால் கஞ்சன் என்பார்கள், பெரிதாகக் கட்டினால் பகட்டு என்பார்கள். எனக்குப் பிடித்த மாதிரி கட்டிவிட்டுப் போகிறேன்" என்ற பொருளில் அவர் சொன்னாராம். நம் ஊர்ப் பெரிய மனிதர் யாராவது சொன்னது போலவே இருக்கிறது.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். 1882 முதல் 1885 வரை அமெரிக்கா முழுக்க வியாபாரம் படுத்திருந்தது. மர விற்பனை மந்தம். மில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பாமல் இருக்கத்தான் வீட்டு வேலையைத் தொடங்கினார் என்பது அந்தக் கதை. இரண்டு வருஷம் நூறு பேருக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

என் கணிப்பு வேறு. இந்த வீடு ஒரு விளம்பரப் பலகை. மாளிகைக்குக் கீழே, விரிகுடாவின் ஓரத்திலேயே அவருடைய மில் இருந்தது. பலகை ஏற்ற வரும் கப்பல்காரர், வாங்க வரும் வியாபாரி, எல்லோரும் கடல் பக்கமிருந்து நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கோபுரம். 1914-இல்தான் தெற்கிலிருந்து ரயில் பாதை யுரேகாவுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை வெளியுலகத்துக்கு வாசல் கடல்தான். ரெட்வுட்டில் என்னவெல்லாம் செய்யலாம் என்று ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட ஒரு வீட்டைக் கட்டி நிறுத்துவது மேல் அல்லவா? ஜவுளிக்கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யார் வரைந்து கொடுத்தது?

சாமுவேல் நியூசம், ஜோசஃப் கேதர் நியூசம் என்ற சகோதரர்கள். சான் பிரான்சிஸ்கோவில் தொழில் நடத்தியவர்கள். கனடாக்காரருக்குக் கனடாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்களே அமைந்தது தற்செயலாக இருக்கலாம்.

அந்தச் சகோதரர்கள் அடக்கமான கைக்காரர்கள் இல்லை. வீட்டு மாதிரிகளைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றவர்கள். எந்தப் பாணியையும் தனியாக விடாமல் எல்லாவற்றையும் கலந்து அடிப்பது அவர்கள் வழக்கம். சாதாரண வாடிக்கையாளரிடம் காசு பார்த்துச் செய்யவேண்டும். இங்கே மரம் சொந்தம், மில் சொந்தம், ஆள் சொந்தம், கப்பலிலும் பங்கு. செலவுக்குக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் மனதில் இருந்த அத்தனையும் ஒரே வீட்டில் இறங்கிவிட்டது. குவீன் ஆன் பாணி என்று பொதுவாக வகைப்படுத்துகிறார்கள். ஆனால் அதில் இத்தாலியச் சாயல் ஜன்னலும் உண்டு, ஈஸ்ட்லேக் என்று சொல்லப்படும் கடைசல், கீறல் வேலையும் உண்டு. சுத்த பாணிப் பிரியர்களுக்கு இது கொஞ்சம் தூக்கல்தான். சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

வெளியே நின்று என்னென்ன பார்க்கவேண்டும்?

முதலில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று மொத்த உருவத்தைப் பாருங்கள். இடதும் வலதும் ஒன்றுபோல இல்லாததைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கூரை முகப்பு முன்னால் தள்ளி வருகிறது. மறுபக்கம் வராந்தா சுற்றிக்கொண்டு போகிறது. இந்தப் பாணிக்காரர்களுக்குச் சமச்சீர் என்றால் ஆகாது. வீட்டைச் சுற்றி நடக்க நடக்க முகம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும்.

அடுத்து ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முன் வராந்தாவின் தூண்கள் குட்டையாக, தடியாக இருக்கும். கொஞ்சம் வரை கடைசல், அதற்கு மேல் கயிறு முறுக்கியது போல வேலை, அப்புறம் வளையம், அதற்கு மேல் இலைச் செதுக்கல். தூணுக்கு மேலே தாங்குபலகை. தாங்குபலகைக்கும் விளிம்புக்கும் நடுவே உருட்டுக் குச்சிகள் வரிசையாக நிற்கும். சாதாரண வீட்டில் ஒரு சட்டத்தை வைத்து முடித்துவிடுகிற இடத்தில், இங்கே அரை டஜன் விதமான வேலை. இப்படி ஒரு தூணைக் கீழிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்து முடித்தால் போதும், மொத்த வீட்டையும் படிக்கும் பழக்கம் வந்துவிடும்.

பிறகு சுவர். ஒரே மாதிரி சுவர் எங்கேயும் தொடர்ச்சியாக ஓடாது. ஒரு அடுக்கு படுக்கைப் பலகை, அடுத்த அடுக்கு மீன் செதில் போல வெட்டிய சில்லுகள், நடுவில் கட்டம் கட்டிய பலகை. கூரை முகப்பின் முக்கோணங்களில் உதிக்கும் சூரியன் போலக் கதிர் விரித்த வேலை இருக்கும். இது அந்தக் காலத்து மேற்குக் கரை ஆசாரிகளுக்கு மிகவும் பிடித்த சின்னம்.

கடைசியில் கோபுரம். மாடி மாடியாக ஏறி, மேலே பால்கனி, அதற்கு மேல் செங்குத்தான கூரை, அதன் உச்சியில் கூர்முனை. மேலே ஏறி நின்றால் விரிகுடாவும் கப்பல்களும் மில்லும் ஒரே பார்வையில் தெரியும். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்.

வண்ணத்தையும் கவனியுங்கள். பச்சையிலேயே வெவ்வேறு அழுத்தங்களைக் கொடுத்திருக்கிறார்கள். வெறும் வெள்ளை அடித்திருந்தால் இத்தனை நுணுக்கமும் ஒன்றோடொன்று கரைந்துபோயிருக்கும்.

இத்தனையும் கையால் செதுக்கியதா?

கொஞ்சம் கை, நிறைய இயந்திரம். விக்டோரியா கால வீட்டைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் தவறான எண்ணம் இதுதான். நம் கோயில் மண்டபத்துத் தூண் போல ஒருவர் உளி பிடித்து மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியது என்று நினைக்கிறோம். நீராவியில் ஓடும் கடைசல் இயந்திரமும், வளைவு நெளிவாக அறுக்கும் ரம்பமும், விளிம்பு இழைக்கும் இயந்திரமும் வந்த பிறகுதான் இந்த அலங்காரம் நடுத்தரக் குடும்பங்களுக்கே கட்டுப்படியாகும் விலைக்கு இறங்கியது. ஒரு வடிவத்தை ஒருமுறை அமைத்துவிட்டால் அதே போல நூறு குச்சிகள். மாதிரிப் புத்தகத்தைப் பார்த்துக் கடையில் டஜன் கணக்கில் வாங்கி ஆணியடித்தவர்கள் எத்தனையோ பேர். பளபளக்கும் சான் பிரான்சிஸ்கோ வரிசை வீடுகள் எல்லாம் அந்த ரகம்தான்.

கார்சன் வீட்டில் வித்தியாசம் என்னவென்றால், அளவும் விதமும். கடையில் கிடைக்காத அளவுக்குத் தடித்த தூண்களும் இந்த வீட்டுக்கென்றே செய்த துண்டுகளும் நிறைய.

முழு வீடும் ரெட்வுட்டா? உள்ளே எப்படி இருக்குமாம்?

உடம்பு ரெட்வுட். உள் அலங்காரத்துக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்து மரம் வரவழைத்திருக்கிறார். அதில் முக்கியமானது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பிரிமாவேரா. வெளிர் மஞ்சள் நிறம், மஹோகனி போன்ற நார். சுமார் 8,000 கன அடி அந்த மரம் மட்டும் இறக்கியதாகச் சொல்கிறார்கள். பலகை விற்கப் போன கப்பல் திரும்பி வரும்போது காலியாக வரவேண்டாமே, அந்தக் கணக்குதான். ஓனிக்ஸ் என்ற பளிங்கு போன்ற கல்லில் கணப்பு அடுப்பு, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், செதுக்கிய மாடிப்படி என்று உள்ளே தனி உலகம். அமெரிக்க அரசின் வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டத்தில் இந்த வீட்டின் படங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உள்ளே போக முடியாதவர்களுக்கு அதுதான் வழி.

அமெரிக்கக்காரர் வீட்டுக்கு இங்கிலாந்து ராணியின் பெயர் எதற்கு?

காலத்தைக் குறிக்க மட்டும். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அதற்குள் கட்டியதெல்லாம் விக்டோரியா கணக்கில் சேரும்.

எதிரே இருக்கும் இளஞ்சிவப்பு வீடு யாருடையது?

அதுவும் கார்சன் குடும்பத்ததுதான். மூத்த மகன் மில்டனின் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பரிசு. 1889-இல் கட்டியது, அதே நியூசம் சகோதரர்களின் வடிவம். பெரிய வீட்டுக்கு எதிரில் நிற்பதால் பாவம், யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. வேறு எந்த ஊரில் இருந்திருந்தாலும் அந்த ஊரின் அடையாளமே அதுவாக இருந்திருக்கும்.

மர வீடு, அதுவும் நிலநடுக்க பூமி. 130 வருஷத்துக்கு மேல் எப்படி நிற்கிறது?

மர வீடு என்பதால்தான் நிற்கிறது. யுரேகாவுக்குத் தெற்கே மென்டசீனோ முனைக்கு அருகில் மூன்று புவித்தட்டுகள் சந்திக்கின்றன. அமெரிக்காவிலேயே அடிக்கடி ஆடுகிற பகுதிகளில் இது ஒன்று. 1992 ஏப்ரலில் 7-ஐத் தாண்டிய ஒன்று வந்தது, 2022 டிசம்பரில் 6.4. ஆணியடித்துச் சேர்த்த மரச்சட்ட வீடு ஆட்டத்தோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். இந்த மாதிரி வீடுகளில் முதலில் விழுவது செங்கல் புகைபோக்கிதான்.

உண்மையான எதிரி ஈரம். வருஷத்தில் பாதி மூடுபனியும் மழையும். பெயின்ட் எங்கே உரிகிறதோ அங்கே தண்ணீர் இறங்கும். இத்தனை மூலை முடுக்கு உள்ள வீட்டுக்கு பெயின்ட் அடிப்பதென்றால் அது முடிவில்லாத வேலை. சாரம் கட்டும் செலவை நினைத்தாலே தலை சுற்றும். தனியார் கிளப்பிடம் போனதால் உள்ளே போக முடியவில்லை என்று குறைப்படுகிறோம். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவின் எத்தனையோ விக்டோரியா மாளிகைகள் வாடகை விடுதியாகி, ஒழுகி, இடிபட்டு, கார் நிறுத்துமிடமாகிவிட்டன. இந்த வீடு அந்த வரிசையில் சேராததற்குக் காரணம் 1950-இல் 35,000 டாலருக்கு அதை வாங்கியவர்கள்தான்.

பேய் வீடு மாதிரி இருக்கிறதே?

பேய் வீடுகள்தான் இது மாதிரி இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தப் பாணி நாகரிகத்திலிருந்து போய்விட்டது. பெரிய வீடு, குளிர்காலத்தில் சூடு நிற்காது, வேலையாட்களும் கிடைக்கவில்லை. பலர் விட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கு ஊர் பாழடைந்த கோபுர வீடு ஒன்று நின்றது. படக்காரர்களும் கேலிச்சித்திரக்காரர்களும் அதையே பேய்க்கு முகவரியாக்கினார்கள்.

இந்த வீடு எழும்பிய காலத்தில் ஊரில் வேறென்ன நடந்தது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதனால் நானே சேர்த்துவிட்டேன்.

1885 பிப்ரவரியில், இந்த வீட்டின் வேலை பாதியில் இருக்கும்போது, யுரேகாவின் சீனர் குடியிருப்பில் இரண்டு பேருக்கு இடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வழியாகப் போன நகரசபை உறுப்பினர் டேவிட் கென்டல் குண்டு பட்டு இறந்தார். அன்று இரவே கூட்டம் கூடியது. ஊரில் இருந்த சீனர்கள் அத்தனை பேரும், ஏறக்குறைய 300 பேர், இரண்டு நாளைக்குள் மூட்டை கட்டவேண்டும் என்று முடிவானது. இரண்டு கப்பல்களில் ஏற்றி சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பேச்சே இல்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஊரில் சீனர்கள் குடியேற முடியவில்லை. சமீப ஆண்டுகளில்தான் பழைய சீனர் தெரு இருந்த இடத்தில் சுவரோவியமும் நினைவுப் பெயர்ப்பலகையும் வந்திருக்கின்றன.

இன்னொன்று அதற்கும் 25 வருஷம் முன்னால். மாளிகைக்கு எதிரே விரிகுடாவில் ஒரு தட்டையான தீவு தெரியும். வியோட் பழங்குடியினரின் துலுவாட் ஊர் அங்கே இருந்தது. 1860 பிப்ரவரி 26 அதிகாலை, அவர்களுடைய வருடச் சடங்குக்காகக் கூடியிருந்தவர்களை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்களை, வெள்ளைக் குடியேறிகளின் கூட்டம் ஒன்று கோடாரியாலும் கத்தியாலும் வெட்டிக் கொன்றது. யாரும் தண்டிக்கப்படவில்லை. பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதிய இளைஞர் பிரெட் ஹார்ட் ஊரை விட்டே போகவேண்டி வந்தது. பின்னாளில் அவர் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். வியோட் மக்கள் 2000-இல் பணம் திரட்டித் தீவில் ஒரு சிறு துண்டை விலைக்கு வாங்கினார்கள். 2019-இல் யுரேகா நகரசபை தன்னிடம் மிச்சமிருந்த தீவு நிலத்தை, சுமார் 200 ஏக்கரை, அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.

இதிலெல்லாம் கார்சனைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. ஆனால் வீட்டைப் பார்க்கிறவர் அப்படியே தலையைத் திருப்பினால் தெரிகிற தூரத்தில் அந்தத் தீவு இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகங்கள் தூணைக் காட்டுகிற அளவுக்குத் தீவைக் காட்டுவதில்லை.

கார்சன் குடும்பம் என்ன ஆனது? கம்பெனி?

வில்லியம் கார்சன் 1912-இல் இறந்தார். குடும்பம் 1950 வரை வீட்டை வைத்திருந்தது. அதே வருஷம் கம்பெனியும் பசிபிக் லம்பர் என்ற பெரிய மர நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. கிளப்பின் பெயர் எங்கிருந்து வந்தது என்றால், கார்சனுக்குப் பிடித்த நாடகத்தின் கதாநாயகன் பெயர் இங்கோமார். 1892-இல் அவர் கடைத்தெருவில் கட்டிய பெரிய கட்டடத்துக்குள் ஒரு நாடகக் கொட்டகையும் வைத்து, அதற்கும் இந்தப் பெயரையே வைத்திருந்தார். அந்தக் கட்டடம் இன்று பழங்குடியினர் நலனுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பின் கையில், புதுப்பித்த நிலையில் இருக்கிறது.

அந்தக் காடு இப்போது எவ்வளவு மீதி இருக்கிறது?

வெள்ளையர் வரும் முன் ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர். கோடாரி படாத பழங்காடாக இன்று மீதி அதில் 5 சதவீதம் அளவுக்குத்தான். அதுவும் சும்மா மீதியாகவில்லை. 1918-இல் தொடங்கிய ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் பணம் திரட்டி, மர நிறுவனங்களிடமிருந்து தோப்புத் தோப்பாக விலைக்கு வாங்கியது. ரெட்வுட் தேசியப் பூங்கா 1968-இல் வந்தது, அதற்குள் பெரும்பகுதி பலகையாகிவிட்டது.

ஆகவே என் யோசனை, தெற்கிலிருந்து வருகிறவர்கள் முதலில் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் இறங்குங்கள். யுரேகாவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் வரும். நெடுஞ்சாலையை விட்டு, மரங்களுக்கு நடுவே 31 மைல் ஓடும் பழைய சாலையில் போனால் ஃபவுண்டர்ஸ் தோப்பு. அங்கே 1991-இல் விழுந்த டையர்வில் ஜயன்ட் என்ற மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன் பக்கவாட்டில் நுனி வரை நடந்துபாருங்கள், வேர்ப்பந்துக்கு முன்னால் நின்று நிமிர்ந்து பாருங்கள். ஒரு மரத்தில் எத்தனை பலகை என்று கார்சனின் கணக்கு அப்போதுதான் நமக்குப் புரியும். பிறகு வந்து வீட்டைப் பாருங்கள்.

எப்போது போகலாம்? படம் எடுக்க நல்ல நேரம்?

மதியத்துக்கு மேல். காலையில் பெரும்பாலும் மூடுபனி. வீட்டின் முகப்பு மேற்கே பார்த்திருப்பதால் மாலை வெயில் நேராக விழும், அப்போதுதான் செதுக்கல்களின் நிழல் நன்றாக விழுந்து வேலை எடுப்பாகத் தெரியும். கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். சாக்ரமென்டோவில் வெயில் கொளுத்துகிற ஜூலையிலும் யுரேகாவில் குளிர்காற்று அடிக்கும்.

உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய விக்டோரியா வீடு பக்கத்தில் இருக்கிறதா?

பக்கத்தில் தெருவே பார்க்கவேண்டுமென்றால் 20 மைல் தெற்கே ஃபெர்ன்டேல். பால், வெண்ணெய் வியாபாரத்தில் பணம் பார்த்த விவசாயிகள் கட்டிய வீடுகள், கடைத்தெருவே அந்தக் காலத்தில் நிற்கிறது. ஆனால் உள்ளே போய், அறை அறையாகப் பார்க்க ஆசையிருந்தால் சான் பிரான்சிஸ்கோவின் ஃபிராங்க்ளின் தெருவில் ஹாஸ்-லிலியன்டல் வீடு. அதுவும் 1886-இல் முடிந்தது, அதுவும் ரெட்வுட், கட்டியவரும் ஒரு வியாபாரிதான். பவேரியாவிலிருந்து வந்து மொத்த மளிகை நடத்திய வில்லியம் ஹாஸ். குடும்பம் 1970-கள் வரை அங்கேயே குடியிருந்துவிட்டு, நகரத்தின் மரபுக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பிடம் கொடுத்தது. சாப்பாட்டு அறை, சமையலறை, சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. நாளையும் நேரத்தையும் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள், தினமும் திறப்பதில்லை.